கடனில் வாங்கிய மெஷினுக்கு வருமான வரியில் எதைக் கழிக்கலாம்? ரொக்க முறையில் கணக்கு வைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"இந்த வருஷம் மெஷினுக்கு ஏழு டியூ கட்டியிருக்கிறேன். கையிலிருந்து போன பணம்தானே, அப்படியே செலவில் எழுதிவிடலாமா?" ரொக்க முறையில் கணக்கு வைக்கும் லேத் பட்டறைக்காரர், அச்சகக்காரர், பவுண்டரிக்காரர் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். பணம் வந்தால் வரவு, போனால் செலவு என்பதுதான் ரொக்க முறை என்பதால், கேள்வியில் நியாயம் இருப்பதுபோலவும் தோன்றும்.

பதில், எழுத முடியாது. கட்டிய தவணை மொத்தமும் செலவாகாது. கட்டாத பணத்துக்கும் சேர்த்துத் தேய்மானம் (மெஷின் தேய்வதற்காக அதன் விலையில் ஆண்டுதோறும் கழிக்க விடும் பங்கு) கிடைக்கும். மெஷின் விஷயத்தில் சட்டம் பார்ப்பது இரண்டு: அது உங்களுடையதா, இந்த ஆண்டு ஓடியதா? பணம் கொடுத்தாயிற்றா என்று அங்கே பார்ப்பதில்லை. வட்டி விஷயத்தில்தான் பணம் உண்மையில் போனதா என்று பார்க்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கணக்குதான்.

இங்கே நான் சொல்வது இந்திய வருமான வரியைப் பற்றி. பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2025-26 நிதியாண்டுக்கான ரிட்டர்ன் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள வருமான வரிச் சட்டம் 2025-இல் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன.

படி 1: இந்த வழிகாட்டி உங்களுக்குப் பொருந்துமா?

முதலில், நீங்கள் 44ஏடி பிரிவின் கீழ் உத்தேச லாபம் காட்டுபவராக இருந்தால் இங்கேயே நின்றுவிடலாம். விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழி வந்த தொகைக்கு 6 சதவீதம் என்று லாபம் காட்டும்போது, தேய்மானம், வட்டி எல்லாம் அதற்குள் கழிந்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். மெஷின் வாங்கினேன் என்று தனியாக எதையும் கழிக்க முடியாது. அந்த ஆண்டுகளில் மெஷினின் தேய்ந்த மதிப்பும் குறைந்துகொண்டே வருவதாகக் கணக்கு. 10 வண்டிக்கு மேல் போகாத லாரி உரிமையாளர்கள் 44ஏஇ பிரிவில் காட்டினால் அவர்களுக்கும் இதே நிலைதான். பெரிய மெஷின் வாங்கும் ஆண்டில் 44ஏடி-யில் தொடர்வதா, முழுக் கணக்கு வைப்பதா என்பதை வாங்குவதற்கு முன்பே ஆடிட்டருடன் உட்கார்ந்து பேசுங்கள். வெளியே வந்தால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு மறுபடி உள்ளே போக முடியாது.

இரண்டாவது, 145-ஆம் பிரிவு தொழில் வருமானத்துக்கு ரொக்க முறை, வரவு-செலவு சேரும் முறை (பணம் கைமாறாவிட்டாலும், வர வேண்டியதும் கொடுக்க வேண்டியதும் ஏற்பட்ட நாளிலேயே எழுதுவது) என இரண்டில் ஒன்றை அனுமதிக்கிறது. தனி உரிமையாளர், கூட்டாண்மை நிறுவனம், எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை) மூவரும் ரொக்க முறையைத் தேர்ந்துகொள்ளலாம். கம்பெனிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கம்பெனிகள் சட்டம் அவற்றைச் சேரும் முறைக்குக் கட்டுப்படுத்துகிறது. எதைத் தேர்ந்தாலும் தொடர்ந்து அதையே பின்பற்ற வேண்டும். வரவை ரொக்க முறையிலும் செலவைச் சேரும் முறையிலும் எழுதும் கலப்பு முறை 1997-98 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து செல்லாது. ரிட்டர்ன் படிவத்திலேயே எந்த முறை என்று கேட்கும் இடம் உண்டு; அங்கே போன ஆண்டு எதைக் குறித்தீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: மெஷின் யாருடையது?

ஃபைனான்ஸில் வாங்கியது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஒப்பந்தம் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்.

வங்கிக் கடன் என்றால் பில் உங்கள் பெயரில். மெஷின் வங்கிக்கு அடமானமாக எழுதப்பட்டிருக்கும், அவ்வளவுதான். உரிமையாளர் நீங்கள், தேய்மானம் உங்களுக்கு. வண்டியின் ஆர்சி புத்தகத்தில் வங்கியின் ஹைப்பாதிகேஷன் குறிப்பு இருந்தாலும் இதே முடிவு.

ஹயர் பர்ச்சேஸ் என்றால் கடைசித் தவணை கட்டும்வரை சட்டப்படி உரிமை ஃபைனான்ஸ் கம்பெனியிடம். ஆனாலும் முடிவில் பொருள் உங்களுக்கே வரும், அல்லது வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒப்பந்தம் சொன்னால், ரொக்க விலையின் மேல் உங்களுக்குத் தேய்மானம் உண்டு. 1943-இல் வெளிவந்த ஒரு சுற்றறிக்கை முதல் வருமான வரித் துறை இதையே பின்பற்றுகிறது.

லீஸ் என்றால் கதை வேறு. உரிமையாளர் லீஸ் கம்பெனி. 2013-இல் ஐசிடிஎஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், குத்தகைக்கு விட்ட வண்டிகளுக்கான தேய்மானம் குத்தகைக்கு விட்டவருக்கே என்று தீர்ப்பளித்தது. உங்களுக்குத் தேய்மானம் கிடையாது. கட்டும் லீஸ் வாடகை செலவாகிறது, ரொக்க முறையில் கட்டிய ஆண்டிலேயே.

எனவே சாங்ஷன் லெட்டரில் தலைப்பை மட்டும் பார்க்காமல், கடைசியில் மெஷின் யாருக்கு என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

படி 3: மெஷினின் அடக்க விலையைச் சரியாகப் போடுங்கள்

எல்லாத் தவறும் தொடங்கும் இடம் இதுதான் என்பதால் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

கோவையில் தனி உரிமையாளராக ஒரு லேத் பட்டறை நடத்துபவர் என்று வைத்துக்கொள்வோம். சிஎன்சி லேத் விலை ரூ. 20,00,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் ரூ. 3,60,000. வங்கி ரூ. 18,00,000 கடன் கொடுத்தது, மீதி கைப்பணம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 60 மாதம், தவணை ரூ. 40,040. 2025 ஆகஸ்ட் 1-இல் கடன் தொகை விற்றவருக்குப் போனது. மெஷின் வந்து, அடித்தளம் போட்டு, மின் வாரியத்தில் கூடுதல் லோடு வாங்கி, செப்டம்பர் 1-இல் ஓடத் தொடங்கியது. கிரேன், அடித்தளம், கேபிள் செலவு ரூ. 42,000.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், ரூ. 3,60,000-க்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்துக்கொண்டார், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொண்டார். வரவு எடுத்த தொகைக்குத் தேய்மானமும் கேட்க முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 16(3) பிரிவு இரண்டில் ஒன்றுதான் என்கிறது. விற்றுமுதலில் சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு வரவு கிடையாது, அவர் ஜிஎஸ்டியையும் விலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, மெஷின் ஓடாமல் நின்ற ஆகஸ்ட் மாதத்து வட்டி. 18 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி ரூ. 18,000. கடன் வாங்கிய நாளிலிருந்து சொத்து முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வரும் நாள்வரை உள்ள வட்டியைச் செலவாகக் கழிக்க 36(1)(iii) பிரிவு விடாது. அது மெஷினின் விலையோடு சேரும். ஓடத் தொடங்கிய பிறகான வட்டி விலையில் சேராது, செலவில் போகும்.

ஆக அடக்க விலை: 20,00,000 + 42,000 + 18,000 = ரூ. 20,60,000. கடன் எவ்வளவு, கைப்பணம் எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கே பலர் பணத்தை இழக்கும் ஓர் இடம் உண்டு. மூலதனச் சொத்துக்காக ஒரே நாளில் ஒரே நபருக்கு ரூ. 10,000-க்கு மேல் கைரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை 43(1) பிரிவின்படி விலையில் சேராது. கிரேன்காரர் இறக்கிவிட்டுக் கையில் ரூ. 15,000 வாங்கிக்கொண்டு போனார் என்றால் அந்த 15,000-மும் தேய்மானக் கணக்கிலிருந்து வெளியே. யுபிஐ, நெஃப்ட், கணக்கில் மட்டும் வரவு வைக்கும் காசோலை எதுவானாலும் சரி, கைரொக்கம் வேண்டாம். 'ரொக்க முறை' என்பது கணக்கு எழுதும் முறை மட்டுமே. கைரொக்கத்தில் பட்டுவாடா செய்யச் சொல்வதல்ல.

அரசு மானியம் வந்தால் விலையிலிருந்து கழிக்க வேண்டும். புதிய தொழில்முனைவோருக்கான தமிழ்நாட்டின் நீட்ஸ் போன்ற திட்டங்களில் முதலீட்டு மானியம் வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கடன் என்பது நீங்கள் திருப்பிக் கட்டுவது, அதனால் விலையைக் குறைக்காது. மானியம் வேறொருவர் ஏற்றுக்கொண்ட பங்கு, அதனால் குறைக்கும்.

படி 4: ஓடத் தொடங்கிய தேதிக்கு ஆதாரம் வையுங்கள்

ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட புதிய மெஷினுக்கு அந்த ஆண்டு பாதித் தேய்மானம்தான். நாள் எண்ணிப் பார்த்தால், சாதாரண ஆண்டில் அக்டோபர் 3-ஆம் தேதிக்குள் ஓடத் தொடங்கியிருந்தால் முழுத் தேய்மானம். 4-ஆம் தேதி என்றால் பாதி.

கணக்கில் எடுப்பது பில் தேதியும் அல்ல, கடன் கிடைத்த தேதியும் அல்ல. மெஷின் செப்டம்பரில் வந்து இறங்கிவிட்டது, லோடு அனுமதி நவம்பரில்தான் வந்தது என்றால் பாதிதான். அதனால் விற்பனைக் கம்பெனியின் இன்ஜினியர் கையெழுத்திட்ட இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட், முதல் பீஸ் சோதனைத் தாள், அந்த மெஷினில் செய்த முதல் ஜாப் ஒர்க்கின் டெலிவரி சலான், மின் கட்டணம் ஏறிய பில் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதிகாரி கேட்கும்போது, அந்த இன்ஜினியர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

படி 5: தேய்மானம்

விகிதங்கள் சுருக்கமாக: பொதுவான மெஷின்களுக்கு 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கும் அதன் மென்பொருளுக்கும் 40, மரச்சாமான்களுக்கு 10, வாடகைக்கு ஓட்டும் லாரி, பஸ், டாக்ஸிக்கு 30. சொந்தச் சரக்கை ஏற்ற வைத்திருக்கும் லாரிக்கு 15 மட்டுமே. எல்லாம் குறைந்துவரும் மதிப்பின் மேல்.

நம் பட்டறைக்கு முதல் ஆண்டு 20,60,000-இல் 15 சதவீதம், ரூ. 3,09,000. அடுத்த ஆண்டு மீதமுள்ள 17,51,000-இன் மேல் ரூ. 2,62,650.

பொருள் உற்பத்தி செய்பவர் புதிய மெஷின் வாங்கினால் 32(1)(iiஏ) பிரிவின் கீழ் இன்னொரு 20 சதவீதம் கூடுதல் தேய்மானம் ஒரு முறை உண்டு: இங்கே ரூ. 4,12,000. பழைய மெஷினுக்கும், அலுவலக உபகரணங்களுக்கும், சாலை வாகனங்களுக்கும் கிடையாது. 180 நாளுக்குக் குறைவு என்றால் பாதி இந்த ஆண்டு, மறுபாதி அடுத்த ஆண்டு.

ஆனால் தனி உரிமையாளர் இங்கே நிதானிக்க வேண்டும். 115பிஏசி பிரிவின் புதிய வரி முறையில் கூடுதல் தேய்மானம் இல்லை, அந்த முறைதான் இப்போது இயல்பாகப் பொருந்துவது. பழைய முறை வேண்டுமென்றால் ரிட்டர்ன் கெடுவுக்குள் 10-ஐஇஏ படிவம் கொடுக்க வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் அப்படிப் பழையதற்குப் போய்ப் புதியதற்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை இன்னொரு முறை பழையதற்குப் போக முடியாது.

எண்ணில் பாருங்கள். சாதாரணத் தேய்மானமும் வட்டியும் கழித்தபின் 2025-26-இல் லாபம் ரூ. 14,00,000, வேறு வருமானம் இல்லை. புதிய முறையில் வரி செஸ்ஸோடு ரூ. 93,600. பழைய முறையில் கூடுதல் தேய்மானம் கழிந்து வருமானம் 9,88,000. 60 வயதுக்கு உட்பட்டவருக்கு வரி ரூ. 1,14,504. அதாவது 4 லட்சத்துக்கு மேல் கழித்தும் வரி கூடுகிறது. பிஎஃப், எல்ஐசி போன்ற சேமிப்புக்கான 80சி கழிவு முழு ரூ. 1,50,000 இருந்தால் ரூ. 83,304-க்கு இறங்கும், மிச்சம் பத்தாயிரம் சொச்சம். அந்தப் பத்தாயிரத்துக்காக ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பைச் செலவழிப்பது சரியல்ல என்பது என் கருத்து. மேலும் கூடுதல் தேய்மானம் புதிதாக எதையும் தருவதில்லை. பின்னால் வரும் தேய்மானத்தை முன்னால் இழுக்கிறது.

கூட்டாண்மை நிறுவனத்துக்கும் எல்எல்பிக்கும் இந்தச் சிக்கலே இல்லை. 115பிஏசி அவற்றுக்குப் பொருந்தாது. சீராக 30 சதவீத வரி கட்டும் அவை கூடுதல் தேய்மானத்தைத் தயங்காமல் எடுக்கலாம். கூட்டாக நடத்தும் பட்டறைகளில் இது விடுபட்டிருந்தால் நேரடி நஷ்டம்.

லாபம் குறைவு, இந்த ஆண்டு தேய்மானம் வேண்டாம், நல்ல ஆண்டுக்கு வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்ல முடியாது. நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தேய்மானம் கழிந்ததாகவே சட்டம் கொள்ளும். போதிய லாபம் இல்லாமல் மிஞ்சும் தேய்மானத்தைக் கால வரம்பின்றிப் பின்னாண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். ரிட்டர்ன் மட்டும் தவறாமல் போட்டு வாருங்கள்.

படி 6: தவணையைப் பிரியுங்கள்

ஒவ்வொரு டியூவிலும் அசல் ஒரு பகுதி, வட்டி ஒரு பகுதி. அசல் எப்போதும் செலவல்ல. அந்தப் பணத்துக்குப் பதிலாகத்தான் மெஷின் மேல் தேய்மானம் கிடைத்துவிட்டதே. வட்டிதான் செலவு, அதுவும் ரொக்க முறையில் கட்டிய தேதியில்.

நம் பட்டறைக்காரர் செப்டம்பர் 1 முதல் மார்ச் 1 வரை ஏழு டியூ கட்டினார், மொத்தம் ரூ. 2,80,280. இதில் அசல் ரூ. 1,58,986. வட்டி ரூ. 1,21,294. செப்டம்பர் டியூவில் இருந்த ஆகஸ்ட் வட்டி 18,000 ஏற்கெனவே விலையில் சேர்ந்துவிட்டது. மீதி ரூ. 1,03,294 இந்த ஆண்டின் வட்டிச் செலவு. மார்ச் மாதத்துக்கான வட்டி சுமார் ரூ. 16,410 ஏப்ரல் 1-இல்தான் போகிறது, அது அடுத்த ஆண்டுக்கு. வங்கி தரும் வட்டிச் சான்றிதழில் மார்ச் 31 வரை ஏறிய வட்டி முழுதும் இருக்கக்கூடும். அந்தத் தொகையை அப்படியே எடுக்காமல் பாஸ்புக்கில் கழிந்த தேதிகளோடு ஒப்பிடுங்கள்.

ஆக, இந்த ஆண்டுக் கழிவு 3,09,000 + 1,03,294 = ரூ. 4,12,294. கட்டிய டியூவைச் செலவாக எழுதியிருந்தால் 2,80,280-தான். தவறாக எழுதுபவர் நோட்டீஸை வரவழைப்பதோடு, கிடைக்க வேண்டியதையும் விட்டுவிடுகிறார்.

வட்டியில் கவனிக்க இன்னும் சில உண்டு. கட்ட முடியாத வட்டியை வங்கி அசலோடு சேர்த்துவிட்டால், 43பி பிரிவின் விளக்கப்படி அது கட்டியதாகாது. பின்னர் உண்மையில் கட்டும்போதுதான் கழிவு.

கடன் கொடுத்தது வங்கியாக இல்லாமல் என்பிஎஃப்சி (வங்கியல்லாத ஃபைனான்ஸ் கம்பெனி) என்றால் டிடிஎஸ் வருகிறது, அதாவது பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. வங்கிக்குக் கட்டும் வட்டிக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை. என்பிஎஃப்சிக்குக் கட்டும் வட்டிக்கு 194ஏ பிரிவில் 10 சதவீதம் பிடிக்க வேண்டும், ஆண்டு வட்டி ரூ. 10,000-ஐத் தாண்டினால். கூட்டாண்மை நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இது உண்டு. தனி உரிமையாளருக்கு முந்தைய ஆண்டு விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டியிருந்தால். டியூ தானாகக் கணக்கிலிருந்து கழிவதால் யாரும் பிடிப்பதில்லை. பிடிக்காவிட்டால் வட்டியில் 30 சதவீதம் கழிவாகாது. ஃபைனான்ஸ் கம்பெனி அந்த வட்டியைத் தன் வருமானமாகக் காட்டி வரி கட்டியிருந்தால், அதற்கான 26ஏ படிவச் சான்றிதழை வாங்கி இதைத் தவிர்க்கலாம். டிடிஎஸ்ஸை எப்படிச் சரிக்கட்டுவது என்று கடன் வாங்கும்போதே கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

தெரிந்தவரிடம் கைமாற்றாக வாங்கி மெஷினுக்குப் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் கடனை ரொக்கமாக வாங்குவதும், திருப்பிக் கொடுப்பதும் 269எஸ்எஸ், 269டி பிரிவுகளை மீறுவது. அபராதம் அந்தத் தொகை முழுதுக்கும் சமம் வரை போகும்.

கடனுக்கான பிராசசிங் கட்டணத்தைப் பொறுத்தவரை, கடன் பெற ஆகும் செலவு வருவாய்ச் செலவே (சொத்தின் விலையில் சேராமல் நேரடியாகக் கழிவது) என்று 1966-இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வருமான வரிச் சட்டத்தில் 'வட்டி' என்பதற்குள் கடனுக்கான சேவைக் கட்டணமும் அடங்கும். எனவே மெஷின் ஓடுவதற்கு முன் கட்டிய கட்டணத்தை ஆகஸ்ட் வட்டியைப்போல விலையில் சேர்ப்பதே பாதுகாப்பான வழி.

படி 7: ரிட்டர்னில் எங்கே போகிறது

தனி உரிமையாளருக்கு ஐடிஆர்-3, கூட்டாண்மை நிறுவனத்துக்கும் எல்எல்பிக்கும் ஐடிஆர்-5. தேய்மானம் மெஷின்களுக்கான அட்டவணையில் 180 நாளுக்கு மேல், கீழ் என்று தனித்தனி வரிசையில் போகும். தணிக்கை உள்ளவர்களுக்கு, ஆடிட்டர் தரும் 3சிடி படிவத்தில் 13-ஆவது பகுதி கணக்கு முறை, 18-ஆவது தேய்மானம். இரண்டும் ரிட்டர்னோடு ஒத்துப்போக வேண்டும்.

ஜிஎஸ்டி உங்கள் ரொக்க முறையைப் பார்ப்பதில்லை, பில் போட்ட மாதத்தில் வரி கேட்கும். அதனால் ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய விற்பனையும் வருமான வரியில் காட்டிய வரவும் ஒத்துப்போகாது. வித்தியாசத்துக்கு ஒரு தாளில் விவரம் தயாராக இருக்கட்டும்: எந்தெந்த பில்லுக்கு மார்ச் 31 வரை பணம் வரவில்லை, எப்போது வந்தது.

படி 8: நடுவில் விற்றால், கடனை முன்னதாக முடித்தால்

கடனை முன்கூட்டியே அடைத்தால் அடைத்த அசலுக்கு எந்தக் கழிவும் இல்லை. முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் கட்டிய ஆண்டின் செலவு. தேய்மானம் பழையபடி தொடரும். கடன் தீர்ந்ததற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

ஒரே தேய்மான விகிதமுள்ள மெஷின்கள் எல்லாவற்றையும் சட்டம் ஒரே தொகுதியாகப் பார்க்கிறது. மெஷினை விற்றால் விற்ற விலை அந்த 15 சதவீதத் தொகுதியின் மொத்த மதிப்பிலிருந்து கழியும். தொகுதியில் வேறு மெஷின்கள் இருந்து, மதிப்பும் மீதி இருந்தால் அந்த மீதிக்குத் தேய்மானம் தொடரும். விற்ற விலை தொகுதியின் மதிப்பைத் தாண்டினாலோ, தொகுதியில் வேறு மெஷினே இல்லாமல் போனாலோ, 50-ஆவது பிரிவின் கீழ் வித்தியாசம் குறுகிய கால மூலதன ஆதாயமோ நஷ்டமோ ஆகும். தவணை தவறி ஃபைனான்ஸ்காரர் மெஷினைத் தூக்கிப்போய் விற்றாலும் இதே கணக்குதான்: விற்பனைப் பணம் உங்கள் கைக்கு வராமல் நேராகக் கடனில் வரவு வைக்கப்பட்டாலும், அது உங்கள் மெஷினின் விற்பனை விலையே. ஏலத்தில் என்ன விலைக்குப் போனது, பாக்கி எவ்வளவு நேர் ஆனது என்ற விவரத்தை அவரிடமிருந்து எழுத்தில் வாங்கி அந்த ஆண்டின் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.